நுரை நன்றாக வந்தது

"பச்சை டப்பாவுல அரப்பு இருக்குதுங்க" என்றுதான் என் பெண்டாட்டி சாந்தாமணி சொன்னாள். கோபியில் தங்கை வீட்டிலிருந்து பேசினாள், பின்னால் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம்கூடக் கேட்டது. இன்னைக்குப் புதன்கிழமை, நான் ஊர்ல இல்லீன்னு விட்றாதீங்க, எண்ணெய் தேச்சு நல்லாக் குளிச்சுப் போடுங்க, அரப்பைய அந்தப் பச்சை டப்பாவுல கொட்டி வெச்சிருக்கறேன், மூடி நல்லா இறுக்கமா இருந்துது. நான் கேட்டேன், அப்ப அதுல முன்ன இருந்தது? அதைய ஹார்லிக்ஸ் பாட்டலுக்கு மாத்திட்டனுங்க, பிரதீபாகிட்டச் சொல்லோணும்னு இருந்தேன், கிளம்பற அவசரத்துல மறந்துட்டேன். சரி என்றேன். சரி சரி என்று இன்னொரு தடவையும் சொன்னேன். போனை வைத்துவிட்டேன். வைத்த கை இன்னும் போனின் மேலேயே இருக்கிறது, எடுக்க வரவில்லை. எதிரே சமையல் மேடையில் பச்சை டப்பா, மூடி திறந்தபடி, மேலே ஜப்பான் எழுத்து, ஒரு மலையும் மேகமும். உள்ளே அரப்பு. தலைக்குத் தேய்க்கிற அரப்பு. உசிலை இலையைக் காயவைத்து அரைத்த தூள், எண்ணெய்ப் பிசுக்குப் போக உச்சந்தலையில் அப்பித் தேய்ப்பது. அதை நான் டீத்தூள் என்று நினைத்து ஒரு கரண்டி, இல்லை, ஒன்றரைக் கரண்டி, வெந்நீரில் கரைத்து, பாதாம் பால் ஊற்றி, ஐஸ் போட்டு, என் மருமகளுக்குக் கொடுத்துவிட்டேன். பதினொன்று பத்துக்குக் கொடுத்தேன். இப்போது பதினொன்று இருபத்தாறு. அவளுக்கு மூன்றாம் மாதம்.

இந்த வீட்டில் எந்த டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்காது, முப்பத்திரண்டு வருஷமாக இது எனக்குத் தெரியும். பிஸ்கட் டின்னில் ஊசி நூல், காபித்தூள் டப்பாவில் கடுகு, ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை. எது எதில் என்று சாந்தாமணியின் தலைக்குள் மட்டும்தான் எழுதியிருக்கிறது. தெரிந்த மனுஷன் மூடியைத் திறந்ததும் என்ன செய்வான், மோந்து பார்ப்பான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வான், சின்னக் குழந்தைகூடச் செய்யும். நானும் மோந்து பார்த்தேனே. பழக்கம் விடுமா, மூடியைத் திறந்ததும் குனிந்து இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு எதிலும் ஒன்றும் வருவதில்லை, மூன்று வருஷமாக. பெரிய காய்ச்சல் வந்த அந்த வருஷம் எல்லோருக்கும் மூக்கு போனது, எல்லோருக்கும் பத்து நாளில் திரும்ப வந்தது, எனக்கு வரவில்லை, நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் பால் நிலையத்தில் தரம் பார்க்கிறவன். முப்பத்தோரு வருஷம் விடிகாலையில் கேன் மூடியைத் திறந்து குனிந்து ஒரு இழுப்பு, 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்', அவ்வளவுதான் என் உத்தியோகம். பால் புளிக்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே சொல்லிவிடுவேன், மாடு வேப்பம்புண்ணாக்கு தின்றிருந்தால் சொல்லிவிடுவேன், குழந்தைவேலு மூக்குக்கு மெஷின் தோத்துரும் என்று மேனேஜரே சொல்வார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. ஏழு மாதமும் குனிந்தேன், இழுத்தேன், பக்கத்தில் நிற்கிற உதவியாள் முகம் சுளிக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், அவன் சுளித்தால் ரிஜெக்ட், சுளிக்காவிட்டால் பாஸ். அந்த ஏழு மாதம் எத்தனை வீட்டில் யார் என்ன குடித்தார்கள், எனக்குத் தெரியாது. அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். இன்றைக்கு எல்லாம் சேர்ந்து வந்து நிற்கிறது.

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன், எங்கேயாவது நான் செய்யாமல் விட்டிருக்க மாட்டேனா என்று. காலையில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், சத்தம் கேட்டது. மகன் கோகுல் வேலை சைட்டுக்குப் போய்விட்டான், இனி வெள்ளிக்கிழமைதான் வருவான். ஒன்பதரைக்கு ஆபீஸ் மீட்டிங் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தினமும் பத்தரை மணிக்கு அவளே வந்து அந்த ஜப்பான் பச்சை டீத்தூளைக் கலக்கிக்கொள்வாள், எட்டு மாதமாக இந்த வீட்டில் அது நடக்கிறது, நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் திரும்பினதில்லை. இன்றைக்கு அவள் வரவில்லை. நானே போடலாம் என்று தோன்றியது. தோன்றியதே, எதற்குத் தோன்ற வேண்டும்? மாட்டுப் பால் அவள் தொடமாட்டாள், அதற்காகப் பாதாமை ராத்திரியே ஊறப்போட்டிருந்தாள். தோலை உரித்தேன், ஒவ்வொன்றும் வழுக்கி விரலை விட்டு ஓடியது. மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தேன். பிழிந்ததைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது, இந்தப் பாலின் அடர்த்தி எத்தனை காட்டும் என்று கை லாக்டோமீட்டரைத் தேடியது. தேன் போடக்கூடாது, அது தேனீயினுடையதாம், அதனால் நாட்டுச்சர்க்கரை. தண்ணீர் கொதிக்கக்கூடாது, கொதித்தால் டீ கசக்கும் என்று அவள் கோகுலிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது, அதற்காக அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் ஆறவைத்தேன். தூளைச் சல்லடையில் சலித்தேன், அரைபடாத கப்பி நிறைய நின்றது, ஜப்பான்காரன் இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு சரியாக அரைக்க மாட்டானா என்று திட்டினேன். திட்டினேனே தவிர யோசிக்கவில்லை. அப்புறம் அவளுடைய பேட்டரி மத்தை விட்டேன். என்ன நுரை! பச்சைப் பசேலென்று கிண்ணத்தின் விளிம்பு வரை எழும்பியது, அவள் போடும்போதுகூட இவ்வளவு வந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நுரையைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் யார்? சோதனைக் குழாயில் பாலை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்காமல் நின்றால் சோப்பு கலந்திருக்கிறது என்று கேனைத் திருப்பி அனுப்பின குழந்தைவேலு. உயரக் கண்ணாடி டம்ளரில் ஐஸ், மேலே பாதாம் பால், அதன் மேலே பச்சை. கதவைத் தட்டிக் கொடுத்தேன். குடிம்மா என்றேன். காதில் அந்த இயர்போனோடு வாங்கினாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள், கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள், டம்ளரோடு உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் கதவுக்கு வெளியிலேயே நின்றேன், ஏதாவது சொல்வாளா என்று. பத்து நிமிஷத்தில் போனில் செய்தி வந்தது. ஃபுல்லா குடிச்சுட்டேன் மாமா, சூப்பர். மூன்று பச்சை இதயம் போட்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டேன். இரண்டு வாய் குடித்தேன். நாக்கு வழுவழுத்தது, அடித்தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது, இதைத்தான் ருசி என்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

ஃபுல்லா குடிச்சுட்டேன். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், ஃபுல்லா என்பதில் கண் நிற்கிறது, நகர மாட்டேனென்கிறது. அரப்பு குடித்தால் என்ன ஆகும்? தெரியாது. யார் குடித்திருக்கிறார்கள்? கண்ணில் பட்டால் எரியும், அது தெரியும். வயிற்றில்? வாந்தி வரும், வந்தால் நல்லது. ஆனால் அவளுக்குத்தான் தினமும் வாந்தி வருகிறதே, வந்தால் எதனால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வயிற்றில் இருக்கிறதற்கு? கடவுளே, கட்டை விரல் அளவுகூட இருக்காது அது. உடனே போய்ச் சொல்ல வேண்டும், டாக்டரம்மாவுக்குப் போன் போட வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுந்தேன். ஹாலைத் தாண்டினேன். கதவு வரை போனேன், தட்டக் கையைத் தூக்கினேன், உள்ளே அவள் இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தாள், கை அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்றைக்கு டாக்டரம்மா கால்சியம் கம்மி என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் நான்தான் ஆரம்பித்தேன். ஒரு டம்ளர் பால் குடிச்சா மாடு செத்தா போயிரும் என்றேன். மாத்திரை குடுத்திருக்காங்க மாமா, எள்ளு சாப்பிடறேன், கீரை சாப்பிடறேன் என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், மாட்டுப் பாலுச் சம்பளத்துலதான் உம் புருஷன் இஞ்சினியர் ஆனான், அந்தப் பாலு ஆகாதுன்னா நானும் ஆகாதவன்தான், உன்ற வவுத்துல வளர்றதுக்கு எந்தப் பாலு போகோணும்னு எனக்குத் தெரியும் என்று கத்தினேன். தெரியும் என்று கத்தினேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதாள், சாந்தாமணி என்னை அடிக்காத குறை. மூன்று நாள் கழித்து நானே வலியப் போய் ஒரு டம்ளர் நீட்டுகிறேன், அதில் பாலுக்குப் பதிலாகச் சோப்பு மாதிரி ஒன்று. தெரியாமல் நடந்தது என்றால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்புவேனா? வேணும்னே கலக்கிக் கொடுத்தார் என்று நினைப்பாள். கோகுல் நினைப்பான். பெற்ற மகன் என் முகத்தைப் பார்த்து, ஏம்பா இப்படி என்று கேட்பான். அதைவிட நான் போய்ச் சேர்ந்துவிடலாம். கையை இறக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிவிட்டேன்.

திரும்பிவிட்டேன் என்பதை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் திரும்பினேன். திரும்பி என்ன செய்தேன் என்றால், கிண்ணத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ நுரை. சல்லடையைக் கழுவினேன். கப்பியைக் குப்பையில் தட்டினேன். டப்பாவை மூடி மேல் தட்டில் வைத்தேன், ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தேன். இப்போது யாராவது பார்த்தால், இதிலிருந்துதான் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் ஆகாது, அரப்பு இலைதானே, இலை என்ன செய்துவிடும், சாயங்காலம் வரை பார்க்கலாம், ஏதாவது என்றால் அப்போது சொல்லலாம். இந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல், ஏழு மாதம் தினமும் காலையில் கேன் மூடியைத் திறக்கும்போது என்னிடம் பேசின அதே குரல். மனுஷனுக்கு இவ்வளவு சுலபமாக வருமா இது? அப்போதுதான் சென்னியப்பன் வந்தான். எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை, பத்து வருஷமாக நினைக்காத ஆள். நாலு மாடு வைத்து ஒரு கேன் பால் ஊற்றிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அவன் பாலைக் குலுக்கினேன், நுரை நின்றது. தெரியாம கலந்துருச்சுங்க, சம்சாரம் கேனை சோப்புப் போட்டுக் கழுவிட்டு அலசாம உட்டுட்டாளுங்க என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். அத்தனை பேர் வரிசையில் நிற்க, பச்சக்கொழந்தைக குடிக்கற பாலுய்யா, தெரியாம கலந்துச்சுன்னு சொல்ல உனக்கு வாய் கூசலையா என்று கேட்டு, நாற்பது லிட்டரையும் சாக்கடையில் கவிழ்த்தேன். வெள்ளையாக ஓடினதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் அவன் எங்கள் நிலையத்துக்கு வரவே இல்லை. தெரியாமல்தான் கலந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்து, என் சமையலறையில் நின்றுகொண்டு, எனக்கு இது விளங்குகிறது. தெரியாமல்தான் கலந்திருக்கும், அந்த ஆள் உண்மையைத்தான் சொன்னான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோபம் ஞாயிற்றுக்கிழமை வந்ததல்ல. நான் பால் காய்ச்சும்போதெல்லாம் இந்தப் பெண் வந்து பின்னால் நிற்பாள். இரண்டு மாதமாக அப்படித்தான். காலையில் ஆறு மணிக்குப் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைப்பேன், உடனே அறைக் கதவு திறக்கும், தண்ணீர் குடிக்க வந்த மாதிரி வந்து ஜன்னல் பக்கம் நிற்பாள், முந்தானையோ துண்டோ எதையாவது மூக்கில் வைத்துக்கொண்டு. ஒரு வார்த்தை பேச மாட்டாள். அடுப்பை அணைத்ததும் போய்விடுவாள். பாலைப் பார்த்து முகம் சுளிக்கிறாள், என் வீட்டில் என் அடுப்பில் என்னைத் திருடனைப் போல் காவல் காக்கிறாள் என்று எனக்கு உள்ளே கொதிக்கும். அவளுக்கு மசக்கை, பால் வாடை ஆகாது என்று சாந்தாமணி சொன்னாள். ஆகாதென்றால் எதற்கு வந்து நிற்கிறாள்? என்னைக் குத்திக்காட்டத்தானே? இதையெல்லாம் மனதில் மூட்டை கட்டி வைத்திருந்துதான் அன்றைக்குக் கத்தினேன். சரி, இருக்கட்டும், அவள் எப்படியோ இருக்கட்டும். மணி பதினொன்று நாற்பது. நான் கிண்ணம் கழுவிக்கொண்டிருக்கிறேன், அவள் வயிற்றில் அது இறங்கிக்கொண்டிருக்கிறது. பச்சை டப்பாவை மேல் தட்டிலிருந்து திரும்ப எடுத்தேன், கையில் பிடித்துக்கொண்டேன், போனேன், தட்டினேன்.

இயர்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பிரதீபா கதவைத் திறந்தாள். "கண்ணு, அது டீத்தூள் இல்ல, அரப்பு. தெரியாம கலந்துருச்சு" என்றேன். சென்னியப்பன் சொன்ன அதே வார்த்தை, அதே வரிசையில் வந்தது. டப்பாவை நீட்டினேன். "உங்க அத்தை மாத்தி வெச்சுட்டா. நான் பாக்காமப் போட்டுட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் போடு. இப்பவே போடு. நான் வேணும்னு பண்ணல, சத்தியமா வேணும்னு பண்ணல."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், அலறுவாள் என்று நின்றேன். "தெரியுமுங்க மாமா" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விலகி ஜன்னலைக் காட்டினாள். ஜன்னல் விளிம்பில் டம்ளர் இருந்தது, முக்கால்வாசிக்கு மேல் நிரம்பி, வாயில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து மூடி. ஐஸ் கரைந்திருந்தது. நுரை மட்டும் அப்படியே நின்றது, அரை மணி நேரமாகியும் அடங்கவில்லை. "எங்கம்மா வீட்டுலயும் அரப்புதானுங்க. வாயில வெச்சதும் தெரிஞ்சு போச்சு. உள்ள வந்து துப்பிட்டு வாயைக் கொப்பளிச்சுட்டேன், ஒரு சொட்டுகூட உள்ள போகலீங்க. ஐயோ, நீங்க குடிச்சீங்களா?"

"ரெண்டு வாயி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே பயந்துபோய், தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தாள். குடித்தேன். பல்லில் டக்கென்று இடித்தது பாட்டில். "அப்பறம் எதுக்கு சூப்பர்னு அனுப்புன?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், இருபது நிமிஷம் நான் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

"நீங்க கதவுக்கு வெளியவே நின்னுட்டிருந்தீங்க, அடியில கால் தெரிஞ்சுது. வந்த நாளா இன்னைக்குத்தான் குடிம்மான்னு நீட்டுனீங்க. இது அரப்புன்னு எப்படிங்க சொல்லறது. அதுவுமில்லாம, மோப்பம் தெரியாதவங்களை நான் என்னன்னு குத்தம் சொல்றது மாமா?"

டப்பா என் கையில் இருந்தது. அதன் மேலிருந்த மலையையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று வருஷம், பெண்டாட்டிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது. "ஆரு சொன்னா?" என்றேன்.

"ஆரும் சொல்லலீங்க. தை மாசத்துல ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு போயி, கேஸ் வீடு பூராவும் அடிச்சுது. நீங்க அங்கயே ரெண்டடில உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. நான்தான் வந்து மூடுனேன், ஜன்னலெல்லாம் திறந்து வுட்டேன். நீங்க நிமிர்ந்து பாத்துட்டு, எதுக்கு இந்தக் குளிர்ல திறக்கறேன்னு கேட்டீங்க. அப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். அத்தைகிட்டச் சொல்லலீங்க. நீங்களாச் சொல்றவரைக்கும், அடுப்பு எரியறப்ப நான் பக்கத்துல நின்னுக்கலாம்னுதான்."

காலை ஆறு மணி. ஜன்னல் பக்கம். மூக்கில் துண்டு. குமட்டலை அடக்கிக்கொண்டு, இரண்டு மாதம், ஒருநாள் விடாமல். துண்டை நடுநடுவே எடுத்து மோந்து பார்த்திருப்பாள், எனக்காக, இந்த வீட்டுக்காக. நான் அவளைக் காவல்காரி என்று நினைத்தேன், அது சரிதான், ஆனால் எதற்குக் காவல் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவள் அழுதபோதாவது இதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தலை நிமிர்ந்திருக்க முடியாது. அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"வாங்க மாமா, மீட்டிங் முடிஞ்சுது, எனக்கு நெசமாவே டீ வேணும்" என்று முன்னால் நடந்தாள். சமையலறையில் நான் முன்னால் எடுத்து வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு அதை என் பக்கம் நீட்டினாள். நான் பழக்கத்தில் குனிந்தேன், கண்ணை மூடிக்கொண்டேன், இழுத்தேன், முப்பத்தோரு வருஷம் கேன் மூடிக்கு மேல் குனிந்த அதே குனிவு. நிமிர்ந்தேன். வரிசையில் எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"எப்படி இருக்குதுங்க?"

"தெரியலம்மா" என்றேன். "ஒண்ணுமே தெரியல. மூணு வருஷமாத் தெரியல."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பாட்டிலை வாங்கி மறுபடி ஒருமுறை மோந்தாள். "பச்சப்புல்லு அறுத்தா வருமில்லீங்க, அந்த வாசம். இதுதான் சரியான தூளு. போடுங்க."

பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள், இந்தத் தடவை துண்டு இல்லாமல். ஆறின தண்ணீரில் ஒரு கரண்டி சலித்துப் போட்டு மத்தை விட்டேன். நுரை கொஞ்சமாகத்தான் வந்தது.